ஐரோப்பிய இன்னோவேஷன் ஃபண்டுக்கு விண்ணப்பிப்பது எப்படி? கணக்கிலிருந்து தொடங்குவோம்

ஐரோப்பாவில் ஒரு உர ஆலையிலோ சிமென்ட் ஆலையிலோ பொறியாளராக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் மேலாளர் வந்து, "கார்பனைக் குறைக்கிற திட்டத்துக்கு பிரஸ்ஸல்ஸில் காசு தருகிறார்களாமே, என்ன ஏது என்று கொஞ்சம் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். தேடிப் பார்த்தால் ஆவணத்துக்குள் ஆவணமாகத் திறந்துகொண்டே போகிறது. எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. அந்த நிலையில் இருப்பவருக்காகத்தான் இந்தப் பதிவு.

நான் முதன்முதலில் உட்கார்ந்த கோப்பில் இரண்டு மாதம் அழகான அறிமுகம் எழுதுவதிலேயே போனது. உமிழ்வுக் கணக்கைக் கடைசி மூன்று வாரத்தில் போட்டோம். விடை வந்ததும் அறிமுகத்தில் பாதியை அடிக்க வேண்டியதாயிற்று. அதனால் இங்கே கணக்கு முன்னால் வருகிறது, எழுத்து வேலை பின்னால்.

படி 1: இது யாருடைய பணம்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்நிலையங்களும் பெரிய ஆலைகளும் வெளியிடும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஒரு உரிமம் ஒப்படைக்க வேண்டும். 2005 முதல் இந்த உமிழ்வு வர்த்தக முறை நடக்கிறது. அந்த உரிமங்களில் சுமார் 53 கோடியைத் தனியே ஒதுக்கி, விற்று வரும் பணத்தைப் புதிய தொழில்நுட்பத்துக்குக் கொடுப்பதுதான் இன்னோவேஷன் ஃபண்ட். டன்னுக்கு 75 யூரோ என்று வைத்தால் 2020 முதல் 2030 வரை சுமார் 4,000 கோடி யூரோ. உரிமத்தின் விலை ஏறினால் பானை நிறையும், இறங்கினால் குறையும். அன்றாட நிர்வாகத்தைப் பார்ப்பது பிரஸ்ஸல்ஸில் இருக்கும் சினியா என்ற முகமை.

வேறு பானைகளும் உண்டு. வருமானம் குறைந்த உறுப்பு நாடுகளுக்கு மாடர்னைசேஷன் ஃபண்ட் இருக்கிறது. நெதர்லாந்தில் எஸ்டிஇ பிளஸ் பிளஸ், ஜெர்மனியில் 15 ஆண்டுக் காலநிலை ஒப்பந்தங்கள் என்று தேசிய அளவிலும் திட்டங்கள் இருக்கின்றன. தேசியப் பணத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. அது 'அரசு உதவி' என்ற விதிக்குள் வரும். விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே இயந்திரத்துக்கு ஆர்டர் போட்டுவிட்டால், "உதவி இல்லாமலே செய்யத் துணிந்தவர்தானே நீங்கள்" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். கொள்முதல் பிரிவில் இருப்பவரிடம் இதை இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

படி 2: உங்கள் திட்டம் உள்ளே வருமா?

திட்டம் ஒன்றிய நாடுகளிலோ நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைனிலோ நடக்க வேண்டும். மூலதனச் செலவைப் பொறுத்து வரிசை பிரியும்: 25 லட்சம் முதல் 2 கோடி யூரோ வரை சிறியது, 10 கோடி வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. முன்னோடிச் சோதனைத் திட்டங்களுக்கும், எலக்ட்ரோலைசர் (மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் கருவி), சோலார் பேனல் போன்ற கருவிகளைத் தயாரிக்கும் ஆலைகளுக்கும் தனித் தலைப்புகள் இருக்கின்றன.

நிதியம் இரண்டு வழியில் பணம் தருகிறது: மதிப்பெண் போட்டுத் தரும் மானியம், குறைவாகக் கேட்பவருக்குத் தரும் ஏலம். சந்தையில் கிடைக்கும் ஹீட் பம்ப்பை (மின்சாரத்தில் ஓடும் வெப்பக் கருவி) வாங்கிப் பொருத்துவது மானியப் பிரிவில் எடுபடாது. 'புதுமை' அங்கே ஒரு மதிப்பெண் தலைப்பு. அப்படிப்பட்ட வேலைக்கு ஏலப் பக்கம் போகலாம். ஆலைகளின் வெப்பத் தேவையை மின்சாரம் போன்ற வழிகளுக்கு மாற்ற 2025 டிசம்பரில் 100 கோடி யூரோவுடன் ஒரு ஏலம் திறந்தது அதற்காகத்தான்.

படி 3: தவிர்க்கும் உமிழ்வைக் கணக்கிடுங்கள்

இங்கேதான் நேரத்தைக் கொட்ட வேண்டும். திட்டம் இல்லாவிட்டால் பத்து ஆண்டில் எவ்வளவு உமிழ்வு, திட்டம் இருந்தால் எவ்வளவு, இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் எவ்வளவு? கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் 'திட்டம் இல்லாவிட்டால்' என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது. புதிதாக வருகிறவர் எல்லோரும் தங்கள் ஆலையின் பழைய புகைபோக்கியைத்தான் அதற்கு எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் தொழிற்சாலைப் பொருள்களுக்கு நிதியம் ஒப்பிடுவது உமிழ்வு வர்த்தக முறையின் அளவுகோலோடு, அதாவது அந்தத் துறையில் மிகத் திறமையாக ஓடும் ஆலைகளை வைத்து நிர்ணயித்த எண்ணோடு.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 1 லட்சம் டன் அம்மோனியா செய்யும் ஆலை. இயற்கை எரிவாயுவில் ஓடும் பழைய முறையில் டன்னுக்கு 2 டன் கரியமில வாயு வெளியாகிறது. இதைப் பசுமை ஹைட்ரஜனுக்கு, அதாவது புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் தண்ணீரிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜனுக்கு, மாற்றப் போகிறோம். மாற்றிய பிறகும் ஆண்டுக்கு 7,000 டன் உமிழ்வு மிச்சமிருக்கும் என்று வைப்போம்.

பழைய புகைபோக்கியை வைத்துக் கணக்கிட்டால்: ஆண்டுக்கு 2,00,000 − 7,000 = 1,93,000 டன். பத்து ஆண்டில் 19.3 லட்சம் டன். மேலாளர் பூரித்துப்போவார்.

அளவுகோலை வைத்துக் கணக்கிட்டால் கதை மாறும். 2021–2025 காலத்துக்கு அம்மோனியாவின் அளவுகோல் டன்னுக்கு 1.570 டன். ஆகவே ஆண்டுக்கு 1,57,000 − 7,000 = 1,50,000 டன். பத்து ஆண்டில் 15 லட்சம்.

நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட டன் காகிதத்திலிருந்து மறைந்துவிட்டது. உங்கள் பழைய ஆலை மோசமாக ஓடியதற்குப் பொதுப்பணத்தில் பரிசு கிடையாது என்பதுதான் இதன் பொருள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. மேலாளருக்குப் படாது, அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இந்த 15 லட்சம், மொத்தத் தவிர்ப்பு. இன்னொரு எண்ணும் வேண்டும்: ஒப்பீட்டளவு. 1,50,000-ஐ 1,57,000-ஆல் வகுத்தால் சுமார் 95.5%. இரண்டுக்கும் தனித்தனியே மதிப்பெண் உண்டு. ஆலை பெரிதாக இருப்பதால் மட்டும் வென்றுவிட முடியாது. சிறிய ஆலையாக இருந்தாலும் உமிழ்வை வேரோடு எடுத்தால் அதற்கும் இடம் கிடைக்கும்.

கணக்குப் போட அதிகாரபூர்வ எக்செல் தாள் ஒன்று அழைப்போடு, அதாவது விண்ணப்பம் கோரும் அறிவிப்போடு, கூடவே வரும். அழைப்புக்கு அழைப்பு அது மாறும். போன வருடத்துத் தாளை நண்பரிடம் வாங்கி நிரப்பாதீர்கள்.

படி 4: எவ்வளவு கேட்பது?

சாதாரண மானியத்தில் 'தொடர்புடைய செலவில்' 60% வரை கேட்கலாம். சிறிய திட்டத்துக்கு அது மூலதனச் செலவு. பெரிய திட்டத்துக்கு, வழக்கமான முறையைவிட இந்தப் புதிய முறைக்குப் பத்து ஆண்டில் கூடுதலாக ஆகும் செலவிலிருந்து கூடுதல் வருவாயைக் கழித்தால் வருவது. ஆக, 20 கோடி யூரோவில் ஆலை கட்டினால் 12 கோடி கிடைக்கும் என்று மனக்கோட்டை கட்ட வேண்டாம்.

அப்புறம், 60% வரை கேட்கலாம் என்பதற்காக 60% கேட்க வேண்டும் என்று இல்லை. செலவுத் திறன் என்று ஒரு தலைப்பு இருக்கிறது: கேட்கும் பணத்தைத் தவிர்க்கும் டன்னால் வகுப்பார்கள். நம் ஆலை 6 கோடி யூரோ கேட்டால் டன்னுக்கு 40 யூரோ. பழைய புகைபோக்கிக் கணக்கில் இதே எண் 31 என்று தெரிந்திருக்கும், மதிப்பீட்டாளர் கையில் அது 40 ஆகியிருக்கும். 5 கோடியில் சமாளிக்க முடியுமா என்று நிதிப்பிரிவோடு ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள்.

ஏலத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். அங்கே கூடுதல் செலவு முழுவதையும் கேட்கலாம், குறைவாகக் கேட்பவரே வெல்வார். பசுமை ஹைட்ரஜன் உற்பத்திக்கு இதே நிதியத்தின் பணத்தைத் தரும் ஐரோப்பிய ஹைட்ரஜன் வங்கியின் முதல் ஏலத்தில், உற்பத்தியாகும் ஒரு கிலோவுக்கு 4.50 யூரோ வரை கேட்க அனுமதி இருந்தது. 132 பேர் வந்தார்கள். 2024 ஏப்ரலில் வென்ற ஏழு திட்டங்கள் கேட்டிருந்தது கிலோவுக்கு 0.37 முதல் 0.48 யூரோ வரைதான்.

படி 5: பணம் எப்போது வரும்?

இதற்கு முன்பு என்இஆர் 300 என்று ஒரு நிதி இருந்தது. பெரும்பாலும், ஆலை ஓடிக் காட்டிய பிறகுதான் பணம். விளைவு? கட்டுவதற்கே காசில்லாமல் பல திட்டங்கள் நின்றன. இங்கிலாந்தில் டிராக்ஸ் மின்நிலையத்துக்கு அருகே திட்டமிட்ட ஒயிட் ரோஸ் என்ற கார்பன் பிடிப்புத் திட்டத்துக்கு (புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்துச் சேமிப்பது) 2014-இல் 30 கோடி யூரோ ஒதுக்கினார்கள். 2015 நவம்பரில் பிரிட்டன் அரசு தன் பங்கான 100 கோடி பவுண்டு போட்டியை ரத்து செய்ததும் அது கட்டப்படாமலே போயிற்று.

அந்தப் பாடத்தால் இப்போது மானியத்தில் 40% வரை, கட்டுமானக் கட்டங்கள் முடிய முடிய, உமிழ்வுக் கணக்குக்குக் காத்திராமல் கிடைக்கிறது. மீதி 60% நீங்கள் வாக்களித்த டன்களோடு கட்டப்பட்டது. வாக்களித்ததில் 75 விழுக்காட்டையாவது எட்டினால் முழுத் தொகையும் உங்களுடையது. நம் ஆலையில் அது 11.25 லட்சம் டன். அதற்குக் கீழே போனால் வெட்டு விழும், முன்பே வாங்கியிருந்தால் திரும்பக் கேட்பார்கள். படி 3-இல் ஊதிப் பெருக்கிய எண் இங்கே வந்து கடிக்கும்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி நான்கு ஆண்டுக்குள் 'நிதி முடிவு', அதாவது வங்கிக்கடன், முதலீடு எல்லாம் உறுதியான நிலை, வந்தாக வேண்டும். வங்கிக்காரரிடம் விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு ஆதரவுக் கடிதம் வாங்குங்கள். 'முதிர்ச்சி' என்ற தலைப்பில் தேடுவதே இதைத்தான்.

படி 6: கோப்பைக் கட்டுதல்

சரி, இப்போது எழுதலாம். ஃபண்டிங் அண்ட் டெண்டர்ஸ் போர்ட்டலில் ஒரு இயூ லாகின் கணக்கு தொடங்கி, நிறுவனத்தைப் பதிந்து 'பிக்' என்ற ஒன்பது இலக்க அடையாள எண் வாங்குங்கள். பெரிய நிறுவனமென்றால் யாரோ முன்பே வாங்கியிருப்பார்கள், முதலில் தேடிப் பாருங்கள். நிர்வாக விவரங்களைப் போர்ட்டலிலேயே நிரப்ப வேண்டும். தொழில்நுட்ப விளக்கத்தைத் தரப்பட்ட வார்ப்புருவில் எழுதி ஏற்ற வேண்டும். கூடவே சாத்தியக்கூறு ஆய்வு, வணிகத் திட்டம், நிதி மாதிரி, உமிழ்வுத் தாள், தொடர்புடைய செலவுத் தாள், கால அட்டவணை.

இவற்றை வெவ்வேறு ஆட்கள் எழுதுவார்கள். நிதி மாதிரியில் ஆண்டுக்கு 1 லட்சம் டன் உற்பத்தி, உமிழ்வுத் தாளில் 1.1 லட்சம், வணிகத் திட்டத்தில் 95,000 என்று இருக்கும். மதிப்பீடு செய்வது வெளியிலிருந்து வரும் நிபுணர்கள். முதலில் மோப்பம் பிடிப்பது இந்த முரண்களைத்தான். உற்பத்தி அளவு, செலவு, தொடங்கும் தேதி மூன்றையும் ஒரே தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுத்து, மாற்றும் உரிமையை ஒருவரிடம் மட்டும் வையுங்கள்.

எழுதும்போது ஏற்கெனவே வென்ற திட்டங்களைப் பாருங்கள். 2020-இல் வந்த முதல் பெரிய அழைப்பில் 311 பேர் விண்ணப்பித்து ஏழு பேர் வென்றார்கள், மொத்தம் 110 கோடி யூரோ. ஸ்வீடனில் ஹைட்ரஜன் வழியாக இரும்பு எடுக்கும் ஹைபிரிட், பிரான்ஸின் லும்ப்ரே ஊரில் சிமென்ட் ஆலையில் கார்பன் பிடிக்கும் கே6 ஆகியவை அவற்றில் அடங்கும். சுருக்க விவரங்கள் பொதுவில் கிடைக்கின்றன. உங்கள் திட்டம் எதில் வேறுபடுகிறது என்று சொல்ல அவை உதவும்.

படி 7: அனுப்பியபின்

கெடு நாளில் போர்ட்டல் பிரஸ்ஸல்ஸ் நேரம் மாலை 5 மணிக்கு மூடும். அதற்கு முந்தின நாளே ஒரு முழுப் பிரதியை ஏற்றிவிடுங்கள். திருத்தினால் கெடுவுக்குள் மறுபடி ஏற்றலாம், கடைசியாக ஏற்றியதுதான் செல்லும்.

தலைப்புகளுக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் வரம்பு உண்டு. ஒன்றில் தவறினாலும் மற்றவற்றின் உயரம் காப்பாற்றாது. தோற்றாலும் ஒவ்வொரு தலைப்பிலும் ஏன் இந்த மதிப்பெண் என்று எழுதிய மதிப்பீட்டு அறிக்கை வரும். மேலாளரிடம் அனுப்புவதற்கு முன் அதை நீங்கள் ஒருமுறை ஆற அமரப் படியுங்கள். திட்டம் நல்லது, ஆனால் இன்னும் பழுக்கவில்லை என்று அவர்கள் நினைத்தால் ஐரோப்பிய முதலீட்டு வங்கி மூலம் திட்ட மேம்பாட்டு உதவி கிடைக்கலாம். தரவரம்புகளை எட்டியும் பணம் போதாமல் விடுபட்டவற்றுக்கு 2024 முதல் ஸ்டெப் முத்திரை என்று ஒன்று தருகிறார்கள். அதைக் காட்டி தேசிய நிதிகளிடமும் முதலீட்டாளர்களிடமும் போகலாம். இல்லையென்றால் அடுத்த அழைப்புக்கு அதே கோப்பைத் தூசி தட்டலாம், புதிய எக்செல் தாளோடு.