மலையகத்தில் பீகிள் வளர்ப்பு: மோப்பம், மழை, அட்டை

பீகிள், இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கென்று உருவான நாய் இனம். கூட்டமாக மோப்பம் பிடித்து ஓடி, குரல் கொடுத்துக்கொண்டே போகும். வேட்டைக்காரர் பின்னால் நடந்து வருவார். ஆளின் கட்டளைக்குக் காத்திராமல் தானாகவே வாடையைத் தொடரும் குட்டிகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தார்கள். எனவே கூப்பிட்டும் திரும்பாத பீகிளைத் திமிர் பிடித்தது என்று அடிப்பது அநியாயம். வாடை பிடித்துவிட்டால் உங்கள் குரல் அதற்கு உறைக்காது.

பிள்ளைகளோடும் மற்ற நாய்களோடும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். காவலுக்கு நம்பி வாங்க வேண்டாம். புது ஆளைக் கண்டாலும் பெரும்பாலும் வாலைத்தான் ஆட்டும். வளர்ந்தால் 33 முதல் 40 செ.மீ. உயரம், 9 முதல் 11 கிலோ எடை. 12 முதல் 15 வருடம் வாழக்கூடியது.

நடை

காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் இரவில் நடந்த வாடை, காலையில் கான் (வடிகால்) ஓரமெல்லாம் படிந்திருக்கும். ஈரக் குளிரில் அது சீக்கிரம் கலையாது. பீகிளுக்குத் தேயிலை மலை சொர்க்கமாக இருப்பதும், அங்கே அதை அவிழ்த்துவிடக் கூடாததும் இதனால்தான். பன்றிக்கு வைத்த சுருக்குக்கம்பி, கவ்வாத்து வெட்டிய செடியின் கூர்முனை, மருந்தடித்த புல் எல்லாம் மூக்கைத் தரையில் வைத்து ஓடும் நாய்க்குத்தான் முதலில் ஆபத்து. எந்த மலைக்கு மருந்தடித்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

கழுத்துப் பட்டியில் நீளக் கயிறு கட்டினால் திடீரென்று பாயும்போது தொண்டை நெரியும். நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் பட்டியும் 5 மீட்டர் கயிறும் பொருத்தம். காலையும் மாலையும் 30 முதல் 40 நிமிடம் போதும், ஆனால் இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். நின்று முகரவிடுங்கள், பீகிளை நடையைவிட மோப்பமே களைப்பாக்கும்.

வெளியே போக முடியாத அடைமழை நாட்களில், அதன் சாப்பாட்டில் ஒரு பிடியைப் பழைய சாக்கு மடிப்புகளுக்குள் போட்டுத் தேடவிடுங்கள். முதலில் அதன் கண்முன்னே ஒளியுங்கள். பழகியதும் வேறு அறையில், பிறகு இஸ்தோப்பின் (வராந்தாவின்) மூலையில். மூக்குக்கு வேலை இல்லாத பீகிள்தான் செருப்பைக் கடிக்கும், ஊளையிடும்.

ஊளை சின்ன விஷயமல்ல. லயத்து வரிசை வீடுகளில் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடும்பங்கள். இதன் குரலோ அடுத்த மலைக்கும் கேட்கும். அதட்டிக் கத்தினால் நீங்களும் சேர்ந்து குரல் கொடுப்பதாகவே அதற்குப் படும். தனியே இருக்கப் பழக்குவதை 5 நிமிடத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுங்கள். வளர்ந்த நாயையும் 4 மணி நேரத்துக்கு மேல் தனியே விட வேண்டாம்.

வேலி, படுக்கை, சாப்பாடு

மழையில் இளகிய மண்ணைப் பீகிள் எளிதாகத் தோண்டிவிடும். ஒன்றரை மீட்டர் உயர வலை, அதில் கீழே 30 செ.மீ. மண்ணுக்குள். இரவில் வீட்டுக்குள்ளேயே படுக்கட்டும். சிறுத்தை நடமாடும் தோட்டத்தில் வெளியே கட்டிய நாயால் தப்பி ஓடவும் முடியாது. தரையில் ஈரம் ஏறும் வீடென்றால் படுக்கைக்குக் கீழே பலகை போடுங்கள்.

சாப்பாட்டுக்கு இதற்குப் போதும் என்பதே கிடையாது. 10 கிலோ நாய்க்கு உலர் உணவு நாளுக்கு 150 முதல் 200 கிராம், இரண்டு வேளையாக. விலா எலும்பு அழுத்தாமலே கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். மிஞ்சிய குழம்பைச் சோற்றில் பிசைந்து வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

காது

தொங்கும் காதுக்குள் காற்று போகாது. மலையக ஈரமும் சேர்ந்தால் பூஞ்சணம் எளிதில் பிடிக்கும். மழையில் நனைந்து வந்தால் காதின் உட்பக்கம், கக்கம், வயிறு மூன்றையும் துணியால் ஒற்றிக் காயவையுங்கள். வாரம் ஒருமுறை, மிருக வைத்தியர் தரும் காது கழுவும் திரவத்தை ஊற்றி, காதின் அடியை அரை நிமிடம் பிசைந்து, தலையை உதறவிட்டு, வெளியே வரும் அழுக்கைப் பஞ்சால் துடையுங்கள். குச்சி விட வேண்டாம். அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும். புளித்த வாடை, பழுப்பு மெழுகு, ஓயாத தலை உதறல் கண்டால் உடனே காட்டுங்கள். உதறி உதறியே காது மடலுக்குள் இரத்தக்குழாய் வெடித்து வீங்கிவிடும்.

அட்டை, உண்ணி, ஊசி

நடை முடிந்ததும் விரலிடுக்கு, உதடு, காது, தொடையிடுக்கு பாருங்கள். கடித்திருக்கும் அட்டையை நகத்தால் தோலோடு ஒட்டி வழித்து எடுங்கள். உப்போ நெருப்போ வைத்தால் அது கக்குவது காயத்துக்குள் போகும். இரத்தம் உறையாமலிருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால் சிறிது நேரம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடியுங்கள். ஓடையில் தண்ணீர் குடித்த நாய் ஓயாமல் தும்மி, ஒரு மூக்கில் மட்டும் இரத்தம் வடித்தால் உள்ளே அட்டை இருக்கலாம். நீங்களாக நோண்டாமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

உண்ணி மருந்தை மாதம் தவறாமல் போடுங்கள். ஈறு வெளிறி, சிறுநீர் கறுத்து, நாய் சோர்ந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். விசர்நாய்த் தடுப்பூசியோடு எலிக்காய்ச்சல் ஊசியையும் வருடந்தோறும் கேட்டுப் போடுங்கள், கானிலும் ஓடையிலும் மூக்கை வைக்கும் நாய்க்கு இரண்டுமே கட்டாயம்.