ஊருக்கு மேலே இன்ஜின் நின்றால்: சிறு விமானத்தை எங்கே, எப்படி இறக்குவது

1,000 அடி உயரத்தில் இன்ஜின் நின்றுபோன செஸ்னா 172-க்குத் தரையைத் தொட ஏறத்தாழ 75 விநாடி ஆகும். 68 நாட் (மணிக்கு 68 கடல் மைல்) கிளைடு வேகத்தில், அதாவது இன்ஜின் இல்லாமல் மிதந்து இறங்கும் வேகத்தில், அது 1 அடி இறங்குவதற்குள் 9 அடி முன்னே போகும். அதாவது 1,000 அடிக்கு ஒன்றரை கடல் மைல். இது காற்றில்லாத நாளில், நேர்கோட்டில், ஒரு விநாடிகூடத் தடுமாறாதவருக்குக் கிடைக்கும் தூரம். திருப்பத்துக்கும் எதிர்க்காற்றுக்கும் திகைப்புக்கும் கழித்துவிட்டு, பாதிதான் நம் கையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சொல்லும் வேகங்கள் 172எஸ் வகைக்கானவை. உங்கள் விமானத்துக்கு அதன் கையேட்டில் இருப்பதுதான் செல்லும்.

கிளம்புவதற்கு முன்

நகரத்தின் மேல் பறக்கும்போது, 600 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் மிக உயர்ந்த தடையைவிடக் குறைந்தது 300 மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. கூடவே, இன்ஜின் நின்றால் கீழே உள்ளவர்களுக்கு ஆபத்தில்லாமல் இறங்கும் அளவு உயரமும் வேண்டும் என்கிறது அதே விதி. முதல் பாதியை மனப்பாடமாகச் சொல்பவர்கள் பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். 300 மீட்டரிலிருந்து பாதிக் கணக்கில் முக்கால் கடல் மைல்தான் கிடைக்கும். வான்வெளி அனுமதித்தால் 2,500 அடிக்கு மேலே போங்கள். நேர்கோட்டை விட்டு, ஆற்றோரமாகவோ பூங்காக்களையும் மைதானங்களையும் தொட்டபடியோ பாதையை வளைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாகச் செலவாவது சில லிட்டர் எரிபொருள்தான்.

ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் அப்பால் ஒரு கடல் மைல் வரை செயற்கைக்கோள் வரைபடத்தில் பாருங்கள். கட்டடமில்லாத இடங்களைக் குறித்துக்கொண்டு, ஓடத் தொடங்கும் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "500 அடிக்குக் கீழே நின்றால் நேரே, சற்று இடப்பக்கம், பள்ளி மைதானம்." நின்ற பிறகு தேடுவதற்கு நேரம் இருக்காது.

முதல் பத்து விநாடி

முதல் வேலை மூக்கைத் தாழ்த்துவது. ஏறிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் நின்றால் வேகம் மளமளவென்று சரியும். யோக்கை (கட்டுப்பாட்டுக் கைப்பிடியை) தயங்காமல் முன்னே தள்ளி, 68 நாட் வந்ததும் அந்த வேகம் தானாக நிற்கும்படி டிரிம் செய்துவிடுங்கள். அடுத்தது, இறங்கும் இடத்தைத் தீர்மானித்து அதை நோக்கித் திரும்புவது. மறுபடி கிளப்பப் பார்ப்பது அதற்கும் பிறகுதான்.

கார்புரேட்டர் உள்ள இன்ஜினாக இருந்தால் முதலில் கார்புரேட்டர் ஹீட்டை (கார்புரேட்டருக்குள் படியும் பனியை உருக்கும் சூடான காற்றை) இழுங்கள். அதற்கான வெப்பம் புகைபோக்கியிலிருந்து வருகிறது. இன்ஜின் நின்றதும் அது ஆறத் தொடங்கிவிடும். தாமதமாக இழுத்தால் பனியை உருக்கச் சூடு மிஞ்சாது. பிறகு எரிபொருள் தேர்வுக் குமிழ் இரண்டு தொட்டிக்கும், பம்ப் இருந்தால் ஆன், மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவைக் குமிழ்) முழுதும் உள்ளே, மேக்னெட்டோ (பற்றவைப்பு) இரண்டும் ஆன், பிரைமர் (கிளப்பும்போது எரிபொருள் ஊட்டும் கைப்பம்ப்) பூட்டியிருக்கிறதா என்ற பார்வை. கை ஒரே ஓட்டமாகப் போனால் பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். 500 அடிக்குக் கீழே இதில் எதையும் தொட வேண்டாம், விமானத்தை மட்டும் ஓட்டுங்கள்.

உயரம் இருந்தால் பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே மேடே என்ற ஆபத்து அழைப்பைச் சொல்லுங்கள். யாரோடும் பேசவில்லை என்றால் 121.5. மூன்று முறை மேடே, அழைப்புப் பெயர், என்ன ஆயிற்று, எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை பேர். டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு அடையாளம் காட்டும் கருவியில்) அவசரக் குறியீடு 7700.

திரும்பிப் போகலாமா?

பெரும்பாலும் கூடாது. ஓடுபாதைக்குத் திரும்புவது 180 டிகிரி அல்ல. திரும்பி முடிக்கும்போது பாதைக்குப் பக்கவாட்டில் இருப்பீர்கள். மறுபடி நேராக்க வேண்டும். கூட்டினால் 200 டிகிரியைத் தாண்டும். 45 டிகிரி சாய்வில் ஸ்டால் வேகம் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம்) 19 சதவீதம் கூடி, 48 நாட் 57 ஆகிவிடும். ஓடுபாதை நழுவுவதைப் பார்த்ததும் கை தானாக யோக்கை இழுக்கும், கால் ரடரை (வால் சுக்கானை) மிதிக்கும். சுழன்று விழுவதற்கு வேறொன்றும் தேவையில்லை.

எந்த உயரத்துக்கு மேல் நீங்கள் திரும்பலாம் என்பதைப் பறப்புப் பயிற்சி ஆசிரியருடன் பாதுகாப்பான உயரத்தில் அளந்து பாருங்கள். ஏறும் நிலையில் த்ராட்டிலை (இன்ஜின் சக்திக் குமிழை) மூடி, 4 விநாடி சும்மா இருந்து (திகைப்புக்கு), பிறகு திருப்பிப் பாருங்கள். எத்தனை அடி போயிற்றோ அதோடு பாதியைக் கூட்டினால் வருவதே உங்கள் எல்லை.

எந்த இடம்?

விமானத்தை மறந்துவிடுங்கள். அது இனி காப்பீட்டு நிறுவனத்துடையது. இருக்கைகள் உள்ள பெட்டி நசுங்காமல், வேகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாக வேண்டும், அவ்வளவுதான். 9 ஜி (புவியீர்ப்பின் 9 மடங்கு) அளவில் சீராக நிற்பதற்கு, மணிக்கு 80 கிலோமீட்டரில் 3 மீட்டரே போதும். 160-இல் 11 மீட்டருக்கு மேல் வேண்டும். வேலி, புதர், இறக்கை, சக்கரக் கால் எல்லாம் அந்த மீட்டர்களைத் தருபவை. காற்றையும் கணக்கில் சேருங்கள்: 50 நாட்டில் தொடும் விமானம் 15 நாட் எதிர்க்காற்றில் தரையோடு 35 நாட்டிலும், அதே காற்றைப் பின்னால் வாங்கினால் 65 நாட்டிலும் மோதும். ஆற்றல் மூன்றரை மடங்கு!

கோல்ஃப் மைதானம் நல்ல இடம். 2015 மார்ச்சில் நடிகர் ஹாரிசன் ஃபோர்டின் ரயன் பிடி-22 விமானம் சான்டா மோனிகாவில் மேலேறும்போது சக்தி இழந்தது. நெருக்கமான குடியிருப்புகளுக்கு நடுவே பென்மார் கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். கார்புரேட்டரின் முக்கிய ஜெட் திருகு கழன்றிருந்தது. தோள்பட்டை பெல்ட் சரியாகப் பொருத்தப்படாததால்தான் காயம் கூடியது என்று விசாரணை சொன்னது. அடுத்த ஆய்வின்போது பெல்ட் எதில் மாட்டப்பட்டிருக்கிறது என்று குனிந்து பாருங்கள்.

சாலை மேலிருந்து பார்க்க ஓடுபாதை போலத் தெரியும். அதுதான் சிக்கல். 172-இன் இறக்கை 11 மீட்டர். இரண்டு தடங்கள் சேர்ந்தாலும் 7 மீட்டரைச் சற்றே தாண்டும். விளக்குக் கம்பம், பெயர்ப்பலகை வளைவு, குறுக்கே ஓடும் கம்பி எல்லாம் காத்திருக்கும். கம்பி கண்ணில் படாது, கம்பம் படும். இரு பக்கமும் கம்பம் தெரிந்தால் நடுவே கம்பி உண்டு என்றே வையுங்கள். தாண்டியாக வேண்டுமானால் கம்பத்துக்கு நேர் மேலே தாண்டுங்கள். சாலைதான் என்றானால் வண்டிகள் போகும் திசையிலேயே இறங்குங்கள். 100 கிலோமீட்டரில் ஓடும் காரின் வேகமும் உங்கள் வேகமும் கிட்டத்தட்ட ஒன்று. பின்னால் வருபவருக்கு பிரேக் போட நேரம் கிடைக்கும்.

கடற்கரையில் ஆள் இருந்தால் அது மைதானம் அல்ல. 2017 ஆகஸ்டில் போர்ச்சுகலின் கோஸ்டா டா கபாரிகா கடற்கரையில் ஒரு செஸ்னா இறங்கியபோது மணலில் இருந்த 2 பேர் இறந்தனர். விமானத்தில் இருந்தவர்களுக்குக் காயம் இல்லை. கரையோரத் தண்ணீரில், கரைக்கு இணையாக இறக்குவதே முறை.

வெற்றிடமே இல்லையென்றால் குட்டையான, அடர்ந்த கிளையுள்ள மரங்கள். மூக்கை உயர்த்தி, முழு ஃப்ளாப்பில் (இறக்கையின் பின்விளிம்புத் தகடுகளை முழுதும் இறக்கி), ஸ்டால் ஆகாமல் முடிந்தவரை மெதுவாகக் கிளைக்குள் அமருங்கள். தரையைத் தொட்ட பிறகு தடித்த மரங்கள் வந்தால் இரண்டுக்கு நடுவே விடுங்கள், இரு இறக்கையும் ஒரே நேரத்தில் அடி வாங்கட்டும். ஒன்று முந்தினால் பெட்டி சுழன்று பக்கவாட்டில் மோதும்.

விமானம் முழுவதையும் தாங்கி இறக்கும் பாராசூட் இருந்தால் கணக்கு வேறு. புதிய சிர்ரஸ் எஸ்ஆர்22 நேர்ப்பறப்பில் 561 அடி இழந்து நிலைபெறும். பிறகு நிமிடத்துக்கு 1,700 அடி வாக்கில் இறங்கும், அதாவது 4 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி. இழுத்த பின் திசை காற்றின் கையில். உயரம் மிச்சமிருந்தால், திறந்தவெளிக்குக் காற்று வரும் பக்கமாகப் போய் இழுங்கள்.

கடைசி 300 அடி

குறி, மைதானத்தின் தொடக்கத்தில் அல்ல, முதல் மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில் இருக்கட்டும். தூரத்து வேலியில் 20 நாட்டில் முட்டலாம். முன்பக்கச் சுவரில் 65 நாட்டில் முட்டக் கூடாது. எட்டுவோம் என்று உறுதியாகும் வரை ஃப்ளாப்பைச் சேமியுங்கள். உயரம் மிஞ்சினால் சைடுஸ்லிப்பில் (விமானத்தைச் சாய்த்துப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு) கரைக்கலாம். போன உயரம் திரும்பாது.

உறுதியானதும் மிக்ஸ்சர் வெளியே, எரிபொருள் மூடல், மேக்னெட்டோ ஆஃப். முழு ஃப்ளாப் இறங்கிய பிறகே மாஸ்டர் சுவிட்ச் ஆஃப். ஃப்ளாப் மின்சாரத்தில் ஓடுகிறது, முந்திவிட்டால் பாதியில் நின்றுவிடும். கதவுத் தாழ்ப்பாளை எடுத்து இடுக்கில் ஒரு ஷூவைச் செருகுங்கள். சட்டகம் வளைந்தால் மூடிய கதவு திறக்காது. பெல்ட்டை வலிக்கும் அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். கண்ணாடி, பேனா கழற்றி, மடித்த சட்டை முகத்துக்கு முன்னால். வால் சற்றுத் தாழ, மெதுவாகத் தொட்டு, பிரேக்கை முழுதாக மிதியுங்கள்.

நின்ற பிறகு

இறக்கைத் தொட்டியிலிருந்து எரிபொருள் கசியும் என்றே நினைத்து, காற்று வரும் திசையில் 50 மீட்டராவது விலகுங்கள். தண்டவாளத்தில் நின்றிருந்தால் அந்த நொடியே. 2022 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸின் பகோய்மாவில் தண்டவாளத்தில் விழுந்த செஸ்னா 172-இன் விமானியைப் போலீசார் இழுத்து வெளியேற்றிய சில விநாடியில் ரயில் அதை நொறுக்கியது.

மின்கம்பியில் சிக்கியிருந்தால் நேர் எதிர்: வெளியே வராதீர்கள். 2022 நவம்பரில் மேரிலாந்தில் மின்கோபுரத்தில் 100 அடி உயரத்தில் மாட்டிய மூனி ரகச் சிறு விமானத்தில் இருந்த இருவரும் மின்தடமும் கோபுரமும் நிலத்தோடு இணைக்கப்படும் வரை ஏறத்தாழ 7 மணி நேரம் உள்ளேயே இருந்தனர். தரையில் நின்ற விமானத்தின் மேல் கம்பி கிடக்கிறது, தீயும் பிடித்துவிட்டது என்றால் மட்டும் குதியுங்கள். இரு காலையும் சேர்த்து, விமானத்தையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் குதித்து, பாதங்களைத் தூக்காமல் தேய்த்தபடி விலகுங்கள்.