எங்கள் கவர் பேண்டுக்குக் காசு தரும் மேடை கிடைத்த விதம்

பிறருடைய பிரபலமான பாடல்களை மேடையில் பாடி வாசிக்கும் எங்கள் கவர் பேண்டுக்குக் கைதட்டலுக்குப் பஞ்சமே இல்லை. கூப்பிட்டுப் பணம் தருபவர்கள்தான் அரிதாக இருந்தார்கள். அந்த நிலைமையை மாற்றியது ஒரு வீடியோ. ஸ்டுடியோவில் மெருகேற்றியது அல்ல, மேடையில் எடுத்தது. ஐந்தாறு பாடல்களின் பல்லவியை மட்டும் வெட்டி ஒட்டி, 2 நிமிடத்துக்குள் முடித்தோம். முதல் காட்சியிலேயே குரல் வந்துவிடும். லோகோ சுழலும் முகப்பெல்லாம் கிடையாது. பாடகரைக் காட்டிய அளவுக்கு, கூடவே பாடி ஆடுகிற கூட்டத்தையும் காட்டினோம். வீடியோவைப் பார்க்கும் ஹோட்டல் மேனேஜருக்கு எங்கள் கிடார் சோலோ பெரிதில்லை. வந்தவர்கள் எழுந்து போகாமல் இன்னும் ஒரு மணி நேரம் உட்காருவார்களா என்பதுதான் அவர் கவலை.

வாய்ப்புக் கேட்டுத் தொகை பேசும் பொறுப்பை எங்களில் ஒருவரிடமே விட்டோம். ஆளுக்கொரு தொகை சொன்னால் பேரம் அங்கேயே படுத்துவிடும். ஹோட்டலில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகுதான் அவர் மேனேஜருக்குப் போன் செய்வார்.

பேசி முடித்ததை அன்றே எழுத்தில் அனுப்பிவிடுவோம்: தேதி, இடைவெளி விடாமல் பாடும் 45 நிமிட செட் எத்தனை, சவுண்ட் சிஸ்டம் யாருடையது, நிகழ்ச்சி ரத்தானால் என்ன, முன்பணம் எவ்வளவு. முன்பணம் வராத தேதியை நான் கணக்கிலேயே வைப்பதில்லை. தெரிந்தவர் என்றாலும் இதில் தாட்சண்யம் கூடாது.

கல்யாணத்துக்கு ஒரு பாடல் பட்டியல், கம்பெனி விழாவுக்கு வேறொன்று.

நிகழ்ச்சி முடிந்து நாங்கள் ஒயர் சுருட்டும்போதே எங்களுக்காகப் பேசுபவர் மேனேஜரிடம் போய் அடுத்த தேதியைக் கேட்டுவிடுவார். நல்ல வியாபாரம் நடந்த சந்தோஷம் ஆறுவதற்குள் கேட்டால்தான் மேனேஜரின் டைரியில் எங்கள் பெயர் ஏறுகிறது.