12 கிரெடிட் விசாவுக்கு, 15 கிரெடிட் டிகிரிக்கு

அமெரிக்காவில் பிசினஸ் இளநிலைப் படிப்புக்கு வந்தவர்களின் காதில் முதல் வாரத்திலேயே விழும் எண் 12. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் தரப்படும் அலகு) எடுக்க வேண்டும். இதைக் கேட்டுவிட்டு, 12 எடுத்தால் போதும் என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும், 12 வீதம் எட்டு செமஸ்டர் படித்தால் 96தான் தேறும். நான்கு வருடத்தில் முடிக்க சராசரியாக 15 எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் கூடுதல் ஃபீஸ், கூடுதல் வாடகை, அதோடு ஐ-20 (படிப்பு முடியும் தேதியோடு கல்லூரி தரும் ஆவணம்) நீட்டிப்பு. அந்த நீட்டிப்பும் கேட்டதும் கிடைக்காது, படிப்பு அல்லது உடல்நலம் சார்ந்த வலுவான காரணம் காட்ட வேண்டும்.

சரி, 120 சேர்ந்துவிட்டால் முடிந்ததா? இல்லை. பொதுப் பாடங்கள், பிசினஸ் கோர் (எல்லா பிசினஸ் மாணவரும் படிக்க வேண்டியவை), மேஜர் (சிறப்புத் துறைப் பாடங்கள்), எலெக்டிவ் (விருப்பப் பாடங்கள்) என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு, ஒவ்வொன்றும் நிரம்ப வேண்டும். பிசினஸில் பாடங்கள் சங்கிலி மாதிரி போகும் என்பதுதான் இதில் பெரிய சிக்கல். ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் முடித்தால்தான் மேனேஜீரியல் அக்கவுண்டிங், கணக்கும் ஸ்டாடிஸ்டிக்ஸும் முடித்தால்தான் ஃபைனான்ஸ், ஆபரேஷன்ஸ், கோர் எல்லாம் முடித்தால்தான் கடைசி வருட ஸ்ட்ராடெஜி பாடம். நான் ஸ்டாடிஸ்டிக்ஸை அடுத்த செமஸ்டர், அடுத்த செமஸ்டர் என்று தள்ளிக்கொண்டே போனேன். மூன்றாம் வருடம் ஃபைனான்ஸில் பதிவு செய்யப் போனபோது கணினி அனுமதிக்கவில்லை. அதன் பின்னால் இருந்த பாடங்களும் வரிசையாகத் தள்ளிப்போய், ஒரு செமஸ்டர் தாமதமாகத்தான் பட்டம் வாங்கினேன். வீட்டில் கடன் வாங்கி அனுப்பிய பணத்தில் அந்த ஒரு செமஸ்டர் எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கெஞ்சிச் சொல்கிறேன், கணக்கு, ஸ்டாடிஸ்டிக்ஸ், அக்கவுண்டிங் மூன்றையும் முதல் மூன்று செமஸ்டருக்குள் தொடங்கிவிடுங்கள். சேர்ந்ததும் கணக்கு பிளேஸ்மென்ட் டெஸ்ட் இருந்தால் அதற்கும் உட்கார்ந்து படியுங்கள். மார்க் குறைந்தால் அடிப்படைக் கணக்கில் போடுவார்கள், அந்தப் பாடம் டிகிரிக்கான கிரெடிட்டில் சேராமலேயே போகலாம்.

கிரேடு விஷயம் இன்னொன்று. ‘டி’ வாங்கினாலும் பாஸ்தானே என்று விட்டுவிடாதீர்கள். பல பிசினஸ் கல்லூரிகள் கோர் பாடங்களில் குறைந்தது ‘சி’ கேட்கும், திரும்பப் படித்தாலும் கிரெடிட் ஒரு முறைதான் எண்ணப்படும்.

பாடம் கஷ்டமாக இருந்து டிராப் செய்ய நினைத்தால், 12க்குக் கீழே போகும் முன்பே டிஎஸ்ஓவிடம் (கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களின் விசா விஷயங்களைப் பார்க்கும் அதிகாரி) பேசி அனுமதி வாங்குங்கள். டிராப் செய்துவிட்டு அப்புறம் போய்ச் சொல்வது விசா நிலையையே கெடுத்துவிடும். ஆன்லைன் வகுப்பும் அப்படித்தான், அந்த 12க்குள் ஒரு வகுப்பு, அதாவது 3 கிரெடிட் வரைதான் சேரும்.

கோடையில் கம்யூனிட்டி காலேஜில் மலிவாக ஒரு பாடம் முடிக்கலாம், நல்ல வழிதான். ஆனால் அது உங்கள் கல்லூரியில் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்று முன்கூட்டியே ஈமெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அட்வைசர் வாயால் சொன்னதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம், அவர் அடுத்த வருடம் அங்கே இல்லாமலும் போகலாம். நீங்கள் சேர்ந்த வருடத்து கேட்டலாக்கையும் (பட்டத்துக்கான விதிகள் உள்ள கையேடு) இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பொதுவாக அந்த வருட விதிகள்தான் உங்களுக்குப் பொருந்தும்.

ஒவ்வொரு செமஸ்டரும் பதிவுக்கு முன்னால் டிகிரி ஆடிட்டை (எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் கல்லூரிப் பட்டியல்) திறந்து, எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். கடைசி வருடத்தில் பட்டத்துக்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், தானாக வந்துவிடாது. ஓபிடி (படித்த துறையில் அமெரிக்காவில் வேலை செய்யக் கிடைக்கும் தற்காலிக அனுமதி) எண்ணம் இருந்தால் படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், அதற்குள் ஆடிட்டில் எல்லாக் கட்டமும் நிரம்பும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.