வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு இதயக் குறையா? மூளையையும் கவனியுங்கள்

ஸ்கேனில் சிசுவின் இதயத்தில் குறை தெரிந்ததும் எந்த ஆபரேஷன், எப்போது, பிழைக்குமா என்று கேட்கிறோம். மூளையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பிறகு பிள்ளை படிப்பில் திணறினால், "ஆபரேஷன்தான் மூளையைக் கெடுத்துவிட்டது" என்று பழி போடுகிறோம். ஆபரேஷனுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் கதை அதற்கு முன்பே, கருவிலேயே தொடங்கிவிடுகிறது.

நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஆக்சிஜன் மிகுந்த ரத்தம் இதயத்தின் இடப்பக்கம் திரும்பி மூளைக்குப் போவதுதான் இயல்பு. இதயத்திலிருந்து கிளம்பும் பெருநாளங்கள், அதாவது உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனியும் நுரையீரலுக்குக் கொண்டுபோகும் நுரையீரல் தமனியும், இடம் மாறியிருந்தால் அந்த நல்ல ரத்தம் நுரையீரல் தமனிப் பக்கம் போய்விடும். மூளைக்குக் கிடைப்பது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். இடப்பக்க இதயமே வளராத சிசுக்களில் மூளைக்கான ரத்தம் பெருந்தமனியில் பின்னோக்கி வந்து சேர வேண்டியிருக்கும். மூளை மளமளவென்று வளர்ந்து மடிப்பு விழும் கடைசி மூன்று மாதங்களில் இதன் பாதிப்பு தெரியும். இந்த இரண்டு குறைகளோடு நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் மூளை முதிர்ச்சி ஏறக்குறைய ஒரு மாதம் பின்தங்கியிருந்ததை 2009-இல் வெளியான எம்.ஆர்.ஐ. ஆய்வு காட்டியது. சின்ன ஓட்டைக்கெல்லாம் பொதுவாக இந்தப் பயம் வேண்டாம்.

அதனால்தான் "குழந்தையைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் இதயத்தைச் சீக்கிரம் சரிசெய்யலாமே" என்ற அவசரம் ஆபத்தானது. மருத்துவக் காரணம் இல்லாதபோது 39 வாரத்தை ஒட்டிய பிரசவமே நல்லது. ஏற்கெனவே பின்தங்கிய மூளைக்கு அந்தக் கடைசி வாரங்கள் பெரிது. சிசுவின் மூளைக்கு ஆக்சிஜன் கூடட்டும் என்று தாய்க்கு ஆக்சிஜன் கொடுப்பது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது, வீட்டில் முயலாதீர்கள்.

மரபணுப் பரிசோதனையை "இதயம்தானே பிரச்சினை" என்று தள்ளிவிடவும் கூடாது. டவுன் சிண்ட்ரோம், 22-ஆம் குரோமோசோமில் சிறு பகுதி விடுபடுவது போன்றவை இதயத்தையும் மூளையையும் ஒருசேரப் பாதிக்கும்.

அப்புறம், ஆபரேஷன் முடிந்து பிள்ளை நடக்கிறது, பேசுகிறது, இனி என்ன என்று வளர்ச்சிப் பரிசோதனையை நிறுத்திவிடுவது. எனக்குப் பெரிய தவறாகப் படுவது இதுதான். கவனம், திட்டமிடல் சார்ந்த சிக்கல்கள் பள்ளி வயதில்தான் வெளியே வரும். "பையைத் திற, கணக்கு நோட்டை எடு, தேதி எழுது" என்றால் முதல் வேலையோடு நின்றுவிடும். திமிர் என்று திட்டுவார்கள். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களின் அறிவுத்திறன் இயல்பான அளவிலேயே இருக்கிறது; எங்கே தடுமாறுகிறார்கள் என்று கண்டுபிடித்தால் பயிற்சி கொடுக்கலாம். பள்ளியில் சேர்க்கும்போதே ஆசிரியரிடம் இதய ஆபரேஷனைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.