கண்காட்சிக்குப் போய்ப் படம் பார்க்காமல் வந்த கதைகள்

2019 ஜனவரியில் எங்கள் சித்திர மிஸ், ஏ.எல். வகுப்பில் இருந்த ஏழு பேரையும் வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏற்றி, காலிமுகத்திடலில் இறக்கி, வெயிலுக்குள்ளால் கொம்பனித்தெருவுக்கு நடத்திக்கொண்டு போனார். கொலம்போஸ்கோப் கலைவிழா அந்த முறை ரியோ கட்டடத்தில் நடந்தது. ஒன்றரை மணித்தியாலம் அங்கே நின்றிருப்பேன். போனில் அறுபது எழுபது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினால், அவர் கலைப்படைப்பை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் தெரிந்த சுவரை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறார். "இது ரியோ தியேட்டர் எல்லே?" 83 கலவரத்தில் எரித்த தியேட்டர் அது. இவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்குள்ளே ஒரு கலைவிழா நடக்கிறது, நான் அதற்குள் நின்று சுவரைப் பார்க்காமல் வந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு கொரோனா, பெற்றோல் வரிசை, பகிஷ்கரிப்பு என்று எல்லாம் வந்து போய், நான் இன்னும் மாணவிதான். தவறு செய்ய நிறைய நேரம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். புது பட்ச் தம்பி தங்கச்சிமார் இப்போது வந்து, கண்காட்சியை எப்படிப் பார்க்கிறது அக்கா என்று கேட்கிறார்கள். அது எனக்கு முழுசாகத் தெரியாது. எப்படிப் பார்க்காமல் வருவது என்பது நன்றாகத் தெரியும், அதைச் சொல்கிறேன்.

ஓபனிங் அன்றைக்கு மட்டும் போய்விட்டு, பார்த்தாயிற்று என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்வது. ஓபனிங்கில் தெரிவது மனிதர்களின் முதுகு. பற்றீஸ் இருக்கும், ஜூஸ் இருக்கும், யாரோ ஒரு தூதரகத்து ஆள் மைக்கில் நன்றி சொல்லிக்கொண்டிருப்பார், உங்கள் விரிவுரையாளர் கண்ணில் பட்டுவிட வேண்டுமே என்று நீங்களும் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். போக வேண்டாம் என்று சொல்லவில்லை, பற்றீஸ் சும்மா கிடைக்கிறதே. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் திரும்பப் போங்கள், தனியாக. கொழும்பில் கலரிகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும் நேரம் அது. ஏசி சத்தம் மட்டும் கேட்கும். அப்போதுதான் ஒரு படத்துக்கு முன்னால் பத்து நிமிடம் நிற்கலாம், யாரும் 'இந்தப் பிள்ளைக்கு என்ன வந்தது' என்று பார்க்கமாட்டார்கள்.

அடுத்தது சுவரில் ஒட்டியிருக்கும் குறிப்பை முதலில் வாசிப்பது. இதை நான் இன்னும் முழுதாக விடவில்லை. கால்கள் தானாகவே அங்கேதான் போகின்றன. வாசித்து முடித்ததும் படம் அந்தக் குறிப்புக்கு உதாரணம்போல ஆகிவிடுகிறது, குறிப்பு சொன்னது படத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடுவோம். பார்ன்ஸ் பிளேசில் சபுமல் ஃபவுண்டேஷன் இருக்கிறது, 1943இல் கொழும்பில் தொடங்கிய நவீன ஓவியர்களின் 43 குழுவைச் சேர்ந்த ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு. திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள். அங்கே ஜோர்ஜ் கீட், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல எல்லோரும் ஒரு வீட்டுச் சுவரில் தொங்குவதுபோலவே தொங்குகிறார்கள். பக்கத்தில் நீளமான விளக்கம் எதுவும் இல்லாததால் கண்ணுக்கு வேறு வழி கிடையாது. எனக்குப் பார்க்கப் பழக்கிய இடம் என்றால் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் இதையே பிடித்துக்கொண்டு 'நான் எதையும் வாசிக்கமாட்டேன், கலை தானாகப் பேச வேண்டும்' என்று திரிவதும் ஒரு தவறு, கொஞ்சம் திமிர் பிடித்த தவறு. கலைஞர் சந்திரகுப்த தேனுவர பல வருடங்களாக யூலை 23ஆம் திகதி கண்காட்சி திறக்கிறவர், பல தடவை லயனல் வென்ட் கலரியில். அவருடைய பீப்பாய்களை வெறும் வடிவமாகப் பார்த்தால் பச்சையும் மண்நிறமும் பூசிய அழகான உருளை, அவ்வளவுதான். சோதனைச்சாவடிகளில் வீதியை மறித்து நின்ற தார்ப்பீப்பாய் அது, இராணுவ உடைபோல நிறம் அடித்தது. அந்தத் திகதி ஏன் என்பதை ஒரு தமிழ் வாசகருக்கு நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. என்னோடு வந்த ஒரு தம்பிக்குச் சோதனைச்சாவடியே ஞாபகமில்லை, அவன் பிறந்த காலம் அப்படி. அவன் வாசிக்காமல் எப்படி விளங்கிக்கொள்வான்? ஆகவே முதலில் பாருங்கள், பிறகு வாசியுங்கள், பிறகு திரும்பவும் பாருங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

ஓவியர் தா. சனாதனனின் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' 2011இல் புத்தக வடிவில் வந்த படைப்பு. ஒரு சிநேகிதி வீட்டில்தான் முதலில் புரட்டினேன். இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டை ஞாபகத்திலிருந்து வரைந்த தளப்படம், அதையே கட்டடக்கலைஞர் அளவோடு வரைந்தது, பிறகு சனாதனனின் சித்திரம். தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு என்று பிறகுதான் விளங்கியது. முதல் தடவை வேகமாகப் புரட்டிவிட்டு, பிளான் வரைந்த புத்தகம் என்று மூடிவைத்தேன். இரண்டாவது தடவை ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். கை நடுங்கிய கோட்டில் ஒரு வீடு, குசினி தனியாக, கிணறு பின்னால். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீடும் அந்த ஒழுங்குதான், ஆனால் அம்மம்மாவிடம் கீறித் தரச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குப் பின்னேரம் வைபரில் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் முதலில் கிணற்றைத்தான் சொன்னார், பிறகு மாமரத்தை. வீடு மூன்றாவதாக வந்தது.

மொழி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கூடுதலாக வெட்கப்படுவது இதற்குத்தான். கலைஞர் உரையாடல்கள் இங்கே பெரும்பாலும் இங்கிலீஷில் நடக்கும். நானும் நீண்ட காலம் இங்கிலீஷ் குறிப்பை மட்டும் வாசித்தேன், தமிழ்க் குறிப்பு இருந்தாலும் அது யாருக்கோ வைத்தது என்பதுபோல. பக்கத்தில் நிற்பவர் என்னைப் பார்த்து என்ன நினைப்பார் என்ற பயம், வேறொன்றுமில்லை. நவீன மற்றும் சமகாலக் கலை நூதனசாலை, எம்.எம்.சி.ஏ. என்று எல்லோரும் சொல்வது, 2019 டிசம்பரில் தொடங்கியபோதே மூன்று மொழியிலும் எழுதிவைத்தது. அங்கேதான் ஒருநாள் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்த்தேன். இங்கிலீஷில் வழுக்கிக்கொண்டு போன ஒரு வசனம் தமிழில் தடக்கியது. தடக்கிய இடத்தில்தான் அது என்ன சொல்கிறது என்று யோசித்தேன். இன்ஸ்டலேஷனுக்கு ஒருவர் தாபனக்கலை என்கிறார், இன்னொருவர் நிறுவல் என்கிறார். எது சரி என்று சண்டை பிடிக்கலாம், ஆனால் வாசிக்காமல் சண்டை பிடிக்க முடியாது. உரையாடலில் இங்கிலீஷ் வராவிட்டால் தமிழில் கேளுங்கள். மொழிபெயர்க்க ஒருவர் பெரும்பாலும் இருப்பார், இல்லாவிட்டால் கூட்டத்தில் ஒருவர் தானாகவே எழும்புவார், நான் பார்த்திருக்கிறேன்.

சரி, கேள்வி கேட்பது. எனக்கு இன்னும் காது சூடாகிற சம்பவம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் வருடம், ஒரு உரையாடல், மைக் என் கைக்கு வந்தது. நான் கேள்வி என்று தொடங்கி, போருக்குப் பிந்திய நினைவு, உடல், வெளி என்று முந்தின நாள் வாசித்த எல்லாச் சொல்லையும் வரிசையாக இறக்கினேன். மூன்று நிமிடமாவது போயிருக்கும். முடிவில் கேள்விக்குறி போட மறந்துவிட்டேன். கலைஞர் கொஞ்ச நேரம் காத்திருந்து, "ஓம்" என்றார். மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார், கோபமாக இல்லை, அதுதான் இன்னும் மோசம்.

எனக்கும் விளங்கும் என்று காட்டப் போனேன், அவ்வளவுதான். இப்போது யோசித்தால் போன் படமும் அதுதான், இங்கிலீஷ் குறிப்பும் அதுதான். பார்க்க வந்த ஆளாக இல்லாமல் பார்க்கப்படுகிற ஆளாக நின்றிருக்கிறேன்.

'இதன் அர்த்தம் என்ன' என்றும் கேட்காதீர்கள், பாவம், அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். கையால் செய்த விஷயத்தைக் கேளுங்கள். ஏன் இந்த அளவு, எத்தனை தடவை கீறிப்போட்டீர்கள், எதை இந்தக் கண்காட்சிக்கு வைக்காமல் விட்டீர்கள். ஒரு தடவை உரையாடல் முடிந்து எல்லோரும் பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றபோது, ஒரு மலையகத்து அண்ணாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "அண்ணா, அந்தக் கறுப்பு இந்தியன் இங்க்கா?" "இல்லை தங்கச்சி, அடுப்புக்கரி. வீட்டு அடுப்பிலேயே எடுத்தது. அரைச்சு, துணியில சலிச்சு, பசை போட்டுக் குழைச்சது." பிறகு என்னைப் படத்துக்குக் கிட்டக் கூட்டிக்கொண்டு போய், சலிக்காமல் விட்ட ஒரு துணுக்கு கடதாசியில் மினுங்கிக்கொண்டிருந்ததைக் காட்டினார். கறுப்புக்குள்ளே சின்னதாக ஒரு சாம்பல் புள்ளி. மைக்கில் அவர் பேசிய முக்கால் மணித்தியாலத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது கொஞ்சம்தான், அந்தப் புள்ளியை இப்போதும் கீறிக் காட்டுவேன். ஆகவே உரையாடல் முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். போனில் உங்கள் சொந்தப் படங்களை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டவும் வேண்டாம், அந்த நேரத்தில் அவர் களைத்துப்போயிருப்பார்.

போன் பற்றி ஒரே ஒரு வார்த்தை. கண்ணாடி போட்ட படத்தைப் போனில் எடுத்தால் அதில் நீங்கள்தான் நிற்பீர்கள். ஒரு சின்னக் கொப்பியும் 2பி பென்சிலும் கொண்டு போங்கள். பல இடங்களில் பேனை விடமாட்டார்கள், பென்சிலுக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு படத்தை மோசமாகவாவது கீறிப் பார்த்தால், அந்தக் கை எங்கே தொடங்கி எங்கே மடங்குகிறது என்று கண் தேடத் தொடங்கும். அப்புறம், முதுகில் பை போட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். முன்பக்கமாக மாட்டுங்கள். என் பை ஒரு சட்டத்தில் உரசி அது சரிந்து தொங்கிய அந்த இரண்டு விநாடியை நினைத்தால் இன்னும் வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது.

கறுவாத்தோட்டத்துக் கலரிகளின் வெள்ளைச் சுவர்கள் மட்டும்தான் கண்காட்சி என்று நினைப்பதையும் விடுங்கள். பொரளை கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீட் 1939-40இல் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன, புத்தரின் வாழ்க்கைக் கதை, சுவர் முழுக்க உருவங்கள், அந்தத் தடித்த கோடு. செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளையாகவோ அடக்கமாகவோ உடுத்திக்கொண்டு போங்கள், வழிபட வந்தவர்களுக்கு இடைஞ்சல் கொடுக்காதீர்கள். தமிழ் ஆள் விகாரைக்குள் என்ன என்று தயங்கத் தேவையில்லை. மத்திய காலச் சிங்களக் கலை பற்றி 1908இல் பெரிய நூல் எழுதியவரே கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமிதான்.

அவர் பெயரில் இருக்கிற வீதியில்தான் கலாபொல என்கிற தெருவோரக் கலைச்சந்தை நடக்கும், 1993இலிருந்து. எங்கள் பீடத்தில் அதை ஒரு மாதிரி முகம் சுளித்துப் பேசுவது வழக்கம், யானையும் கண்டி நடனமும் தாமரைக் குளமும் என்று. நானும் சுளித்தேன். ஆனால் வேறெங்கே வரைந்தவரே தன் படத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரை போட்டு இருந்து, விலையைத் தன் வாயால் சொல்கிறார்? விலை கேட்க வெட்கப்படுவது எங்களுக்குள்ள இன்னொரு வியாதி. வாங்கக் காசு இல்லாவிட்டாலும் கேளுங்கள். கலரியிலும் விலைப்பட்டியல் வைத்திருப்பார்கள், கேட்டால் தருவார்கள். நாலு வருடம் படித்துவிட்டு சொந்தப் படத்துக்கு என்ன விலை போடுவது என்று தெரியாமல் முழிக்கிற அக்காமாரை எனக்குத் தெரியும், நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன்.

கடைசியாகத் திகதி பார்க்காமல் போவது. லயனல் வென்ட் போன்ற இடங்களில் பல கண்காட்சிகள் இரண்டு மூன்று நாள்தான், 'அடுத்த கிழமை போவோம்' என்றால் அவ்வளவுதான். போயா நாளில் பூட்டிக் கிடக்கும் இடங்களும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு கலரிக்கு மூச்சிரைக்க ஓடிப்போனபோது, படங்களைக் கழற்றிச் சுவரோடு முகம் திருப்பிச் சாத்திவைத்திருந்தார்கள். ஒன்றுகூடப் பார்க்கவில்லை, பின்பக்கங்களைத் தவிர. பலகையில் ஆணி மாறி மாறி அடித்த இடம், கன்வஸ் ஓரத்தில் நிறம் ஒழுகி உறைந்தது, பென்சிலில் எழுதி இரண்டு தடவை வெட்டி மூன்றாம் தடவை எழுதிய விலை. கழற்றிக்கொண்டிருந்த பையன் "முன்பக்கம் பார்க்கணுமா மிஸ்?" என்று கேட்டான். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.