பழைய வீட்டிலிருந்து மீட்கப்பட்ட கிளியைத் தத்தெடுக்கிறீர்களா? முதல் சில மாதங்களுக்கான செய்முறை

பொம்மை, ஊஞ்சல் எல்லாம் அப்புறம் வாங்கலாம். கிராம் கணக்கில் எடை காட்டும் தராசு ஒன்றை முதலில் வாங்கி வையுங்கள். காரணம் மூன்றாம் படியில் இருக்கிறது.

1. கணக்குப் போடுங்கள்

காக்கடீல் என்ற கொண்டை வைத்த சிறிய கிளி 15 முதல் 20 வருடம் இருக்கும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 40 வருடத்தைச் சாதாரணமாகத் தாண்டும். உங்களுக்குப் பிறகு அதை யார் பார்ப்பார்கள்? அந்த இனத்தை வீட்டில் வளர்க்க உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா? இரண்டுக்கும் விடை தெரிந்தபின் மேலே போகலாம். பழைய வீட்டில் என்ன தின்றது, எப்போது தூங்கியது, எதைக் கண்டு மிரண்டது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. மருத்துவர், தனி அறை

பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் வேறு பறவைகள் இருந்தால் புதிய கிளி 30 முதல் 45 நாள் தனி அறையில் இருக்கட்டும். கிளிக்காய்ச்சல் (சிட்டகோசிஸ்) என்ற பறவை நோய் மனிதருக்கும் தொற்றும். காய்ந்த எச்சத்தின் தூசி வழியாகத்தான் பெரும்பாலும் பரவும். முகக்கவசம் போட்டு, எச்சத்தை நனைத்துவிட்டுத் துடையுங்கள்.

3. தினமும் எடை

கிளிகள் நோயை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். வெளியே தெரியும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். தராசு அதற்கு முன்பே சொல்லிவிடும். காலையில் முதல் எச்சம் போட்டபின், தீனிக்கு முன் எடை பார்த்து எழுதிவையுங்கள். கையில் ஏறாத கிளி என்றால் தராசின் மேல் ஒரு குச்சியைப் பொருத்தி, அதில் தானாக ஏறப் பழக்கலாம். வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

4. கூண்டும் தீனியும்

கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்கட்டும். நாலாபுறமும் திறந்திருந்தால் பயந்த கிளிக்கு நிம்மதி இருக்காது. சமையலறை வேண்டவே வேண்டாம். நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் தேவை.

மீட்கப்படும் கிளிகளில் பல வெறும் சூரியகாந்தி விதையில் வளர்ந்தவை. அதனால் வைட்டமின் ஏ குறைவும் ஈரல் கொழுப்பும் வருகின்றன. அதற்காக ஒரே நாளில் விதையை நிறுத்திவிடாதீர்கள். பெல்லட்டை, அதாவது கடையில் விற்கும் உருண்டைத் தீவனத்தை, தீனி என்றே அறியாத கிளி, கிண்ணம் நிறைய இருந்தும் பட்டினி கிடக்கும். காய்கறி, பெல்லட்டை வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இங்கேயும் தராசுதான் துணை. அவகேடோ, சாக்லேட் இரண்டும் விஷம்.

5. நம்பிக்கை

இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். வந்த புதிதில் கையை நீட்டவே நீட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். அவ்வப்போது அதற்குப் பிடித்த தின்பண்டத்தைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். நீங்கள் வந்தால் நல்லது நடக்கிறது. அது கிளிக்குப் புரிந்தால் போதும்.

இறகெல்லாம் ஒட்டி, உடம்பு ஒல்லியாக நிமிர்ந்து நின்றால் பயம். கண்மணி சுருங்கி விரிய, வால் விசிறியானால் கடிக்கக்கூடும்; விலகிவிடுங்கள். ஒற்றைக்காலில் நின்று அலகை நறநறவென்று உரசினால் நிம்மதியாக இருக்கிறது. பிறகு ஒரு குச்சியைக் காட்டி, நுனியை அலகால் தொட்டால் தின்பண்டம் கொடுங்கள். இந்தப் பழக்கம் வந்தால் கூண்டுக்குள் போவது, கையில் ஏறுவது எல்லாவற்றையும் அதை வைத்தே கற்றுத்தரலாம்.

கடித்தால் கத்தாதீர்கள். சில கிளிகளுக்கு அந்தச் சத்தமே பரிசு. தடவ இடம் கொடுத்தால் தலை, கழுத்தோடு நிறுத்துங்கள். முதுகில் தடவினால் இனப்பெருக்க உணர்வு தூண்டப்படும், மூர்க்கம் கூடும்.

6. இறகு பிடுங்கும் கிளி

மனக்கவலை என்று நாமே முடிவுகட்டக் கூடாது. நோய் இல்லை என்று மருத்துவர் சொன்னபின், கிழித்துப் போட அட்டை, தேடித் தின்னும்படி ஒளித்துவைத்த தீனி, குளிக்கத் தண்ணீர் என்று அதற்கு வேலை கொடுங்கள். வேர் சிதைந்த இடத்தில் இறகு திரும்ப முளைக்காது. எடை நிலையாக இருந்து, தின்று விளையாடினால் வழுக்கை மார்போடும் அது நல்ல கிளிதான்.